வேண்டாம் என்ற வளையம்

மினசோட்டாவில் ஹால்வர்சன் கல்லூரியின் மானம் 1990-இல் நாலு டாலருக்குக் கிடைத்தது; காபி இலவசம். கூடைப்பந்து டிக்கெட்டின் விலை அது. உள்ளூர்ப் பையன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை எறிந்தால் கூடையின் இரும்பு வளையம் நாலு விரற்கடை நகர்ந்து ஒதுங்கிக்கொள்வதையும் அதே காசுக்குப் பார்க்கலாம். சோப்ளாங்கி அணிகள் வந்தால் வளையம் அசையாது, போட்டதையெல்லாம் விழுங்கும். பலசாலிகள் வந்தால்தான் இந்த வேலை. பிராக்கன்ரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக மூன்று வருடத்தில் தொலைவிலிருந்து எறிந்தது எழுபத்தொன்று. விழுந்தது இரண்டு, அவையும் எதிரணிக்காரன் விரல் பட்டுப் போனவை. பிராக்கன்ரிட்ஜ்காரர்கள் கொடுத்ததையோ வளையம் வாய்நிறைய வாங்கிக்கொண்டது.

பயிற்சியாளர் ஆரின் ஸ்கோலன் மட்டப்பலகை வைத்துப் பார்த்தார், இரண்டு தரம் வளையத்தையே மாற்றினார். புதிதும் ஒரே வாரத்தில் ஊரோடு ஒட்டிக்கொண்டது. கல்லூரித் தலைவி வெர்னா ஃபாஸ் அவரைக் கூப்பிட்டனுப்பினார். "சீசனோட கடைசி ஆட்டம் பிராக்கன்ரிட்ஜ்கூட. அதுல ஜெயிக்காம சீசன் முடிஞ்சா, மறுநாளே உங்க மச்சான் கடைல பனி தள்ற மெஷின் விக்கப் போயிடலாம், ஆரின்." மச்சானிடம் சம்பளம் வாங்குவதைவிட உறைந்த ஏரியில் ஓட்டை போட்டுக் குதிக்கலாம் என்பது ஆரினின் கணிப்பு.

ஆட்டத்தன்று மதியம் விருந்தாளிகளுக்கு வரவேற்பு. வெறுப்பை மறைத்துக்கொண்டு ஆரின் எலுமிச்சை கேக் தட்டைத் தலைவியிடம் நீட்டினார்.

"ஐயோ, வேணாம் ஆரின். இப்பத்தான் சாப்பிட்டேன்."

"ஒண்ணே ஒண்ணு, மேடம்."

"சத்தியமா வேணாம்."

"சும்மா எடுத்துக்கோங்க மேடம், மிஞ்சித்தான் போகும்."

"சரி, இவ்ளோ சொல்றீங்க..." என்று மூன்று துண்டு எடுத்தார். தட்டில் ஒன்று மிஞ்சியது. கடைசித் துண்டை எடுப்பது அந்த ஊரில் மரியாதை இல்லை; வழக்கம்போல அதை ஒருவரும் தொடவில்லை. ஆரினும் அதைக் கவனிக்கவில்லை. உடை மாற்றும் அறைக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

"டேய் பசங்களா, அது நம்ம ஊரு வளையம்டா! பெரிய விருந்தாளி முன்னாடி ரெண்டு தடவை வேணாம்னுதான் சொல்லும். மூணாவது தடவையும் நீட்டுங்க!"

அணியின் நெட்டையர் இருவர் வளையத்தின் கீழே நின்று, தவறிய பந்தைப் பிடித்துப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே நின்ற லைல் குவாமனிடமே திருப்பினார்கள். எதிரணி பறித்தது போக, மூன்றாம் தரம் எறிந்ததெல்லாம் விழுந்தது. அறுபத்துமூன்றுக்கு அறுபத்துமூன்று. மிச்சம் எட்டு வினாடி. லைல் எறிந்தான், வளையம் நகர்ந்தது. எறிந்தான், நகர்ந்தது. மூன்றாம் தரம் பந்து கையை விட்டுப் போனதும் மணி அடித்தது. பந்து போய் வளையத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. அது கடைசித் துண்டு.

"மேல இருக்கற வரைக்கும் ஆட்டம் முடியலைய்யா" என்றார் நடுவர். பனி வலுத்ததால் பிராக்கன்ரிட்ஜ்காரர்கள் பஸ் ஏறினார்கள். ஏணி வந்தது. "நீங்க எடுங்க", "ஐயோ, நீங்க எடுங்க" என்று அரை மணி நேரம் உபசாரம் நடந்து, ஏணி திரும்பிப் போனது.

"அப்போ சீசன்?" என்றார் வெர்னா.

"முடியல, மேடம்" என்றார் ஆரின், தரையைப் பார்த்துக்கொண்டு.

அதன்பின் மூன்று தலைவிகள் மாறிவிட்டார்கள். ஆரின்தான் இன்றும் பயிற்சியாளர். சனிக்கிழமைதோறும் ஸ்கோர் பலகையின் தூசியைத் துடைத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்ப்பார்: உள்ளூர் அறுபத்துமூன்று, விருந்தாளி அறுபத்துமூன்று, தட்டில் ஒன்று.