மூன்றாவது மகிழங்கன்று

ஜெஸியை அடக்கம் செய்து மூன்றாவது ஞாயிறு. ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த இன்பராஜின் கையில் ஜெயபுஷ்பம் டீச்சர் ஒரு களைக்கொத்தைத் திணித்தார்.

"ஜெஸியோடது. பார்க்லயே கெடந்துச்சு. வீட்ல சும்மா உக்காந்து இன்னா பண்ணப் போறே? வா எங்ககூட."

மாட்டேன் என்று சொல்ல ஏதாவது ஒரு காரணம் வேண்டும். இன்பராஜிடம் காரணம் எதுவும் இல்லை. போனார்.

அந்த நாட்களில் அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்தார். எழுந்திரு என்றால் எழுந்தார். சாப்பிடு என்று பக்கத்து வீட்டில் தட்டை நீட்டினால் சாப்பிட்டார். மனைவி ஜெஸி நர்ஸ். ஒரு நாள் காலை டியூட்டிக்குக் கிளம்பி, புடவைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். வேலூருக்குக் கொண்டுபோகிற வழியில், பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். இன்பராஜ் அழவில்லை. கல்லறையில் மண் போடும்போதும் அழவில்லை. மகள் கேத்தரின் அவர் தோளில் முகத்தை வைத்துக் கதறியபோது, சட்டை நனைவது மட்டும் அவருக்குத் தெரிந்தது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று அவரும் பார்த்தார். வரவில்லை.

ரயில்வே லைனை ஒட்டிய அந்தப் பூங்கா ஒரு காலத்தில் தோல் கழிவு கொட்டுகிற குப்பைமேடு. ஜெயபுஷ்பம் டீச்சர் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றதும் நகராட்சிக்கு நடையாய் நடந்து அதை வாங்கி, பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சுத்தம் செய்தார். தோட்டச் சங்கம் என்று பேர் வைத்தார்கள். ஹார்டுவேர் கடைக்காரர் முள்கம்பி கொடுத்தார். பால்காரர் கோவிந்தசாமி வண்டி வண்டியாகச் சாணி எரு கொண்டுவந்து கொட்டினார். தோல் பதனிடும் ஷாப் முதலாளி நயீம் அகமது, மலையடிவாரத்தில் தன் மாந்தோப்புக் கிணற்றிலிருந்து வாரம் ஒரு டேங்கர் தண்ணீர் அனுப்பினார். பூங்காவிலேயே போர்வெல் இருந்தது. ஆனால் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. பாலாற்றங்கரை முழுக்கத் தோல் ஷாப்களின் உப்பு மண்ணுக்குள் இறங்கியிருந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான்.

ஜெஸி இந்தச் சங்கத்தில் உயிரை வைத்திருந்தாள். ஞாயிறு மதியம் சேறு பூசிய காலோடு வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு நந்தியாவட்ட மொட்டு விட்ருக்குங்க" என்பாள். இன்பராஜ் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பார். ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. இப்போது அவள் வைத்த செடிகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து களை எடுத்தார். எது களை, எது செடி என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். சொன்னதைச் செய்தார்.

அடுத்த மாதம், நல்ல மழைக்காலத்தில், சங்கத்தார் ஜெஸியின் நினைவாக ஒரு மகிழங்கன்று நட்டார்கள். ஜெஸிக்கு மகிழம்பூ என்றால் கொள்ளை ஆசை. இன்பராஜ் வேலை பார்த்த ஷூ கம்பெனியிலிருந்து ஓர் இரும்புக் கூண்டு வாங்கிக் கொடுத்தார்கள். அதில் 'ஜெஸி இன்பராஜ் நினைவாக' என்று ஒரு தகரப் பலகை. பாஸ்டர் ஜெபம் பண்ணினார். நயீம் அகமது கைகளை ஏந்தி நின்றார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது நம்ம ஜெஸி. தெனம் வந்து பாத்துக்க தம்பி" என்றார்.

"சரிங்க டீச்சர்" என்றார் இன்பராஜ். கூண்டுக்குள் ஒரு முழ உயரத்தில் ஒரு கன்று நின்றது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

ஆனாலும் கம்பெனி முடிந்து வரும் வழியில் தினமும் ஒரு குடம் ஊற்றினார். சொல்லியிருந்தார்கள், ஊற்றினார்.

மார்ச் வந்தது. வெயில் ஏறியது. மாந்தோப்புக் கிணற்றில் தண்ணீர் அடியைத் தொட்டுவிட, டேங்கர் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. மற்ற நாட்களுக்குப் போர் தண்ணீர்தான். மகிழங்கன்றின் இலை நுனிகள் பழுப்பாயின. பிறகு இலை முழுவதும் சுருண்டது. இன்பராஜுக்கு ஒரு வாரம் நைட் ஷிப்ட். பூங்காப் பக்கம் போகவில்லை. மறு ஞாயிறு போனபோது கூண்டுக்குள் கன்று பச்சையாக நின்றது.

"பாத்தியா? பட்டுப்போற மாதிரி இருந்துச்சு. கர்த்தர் எழுப்பி நிறுத்திட்டார்" என்றார் டீச்சர். சொல்லும்போது அவர் கண் கோவிந்தசாமியிடம் போய் வந்தது. கோவிந்தசாமி குனிந்து மண்வெட்டியைத் தேட ஆரம்பித்தார்.

இன்பராஜ் கன்றைப் பார்த்தார். கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. ஷூவின் மேல்பாகத்துக்குத் தைத்து வரும் தோலை விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். ஊசிமுனை அளவு வடுகூடத் தப்பாது. பழைய கன்றின் தண்டில், நைலான் கயிறு உரசிய தழும்பு ஒன்று இருந்தது. இரண்டாவது கணுவில் அது கவையாகப் பிரிந்திருந்தது. இந்தக் கன்று நேராக, வழவழவென்று வளர்ந்திருந்தது. அடிமண்ணும் புதிது.

"ஆமா டீச்சர். நல்லாருக்கு" என்றார்.

அவருக்குக் கோபம் வரவில்லை. நன்றியும் வரவில்லை. அன்றைக்கும் ஒரு குடம் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்தக் கன்று ஒரு வருஷம் தாங்கியது. அடுத்த மார்ச்சில் அதுவும் சுருண்டது. ஈஸ்டருக்கு லீவில் கேத்தரின் வருவதாகச் சொல்லியிருந்தாள். வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த பெண், அம்மாவின் மரத்தைப் பார்க்கத்தான் முதலில் வருவேன் என்று டீச்சருக்கே எழுதிப் போட்டிருந்தாள். பெரிய வெள்ளியன்று இன்பராஜ் பூங்காவைத் தாண்டிப் போகையில், கோவிந்தசாமியின் பால் வண்டி வேலி ஓரமாக நின்றது. வண்டியில் சாக்கு போர்த்திய ஏதோ ஒன்று. டீச்சர் அவசரமாகக் கூண்டுக்கு முன்னால் வந்து மறைத்து நின்றார்.

"இன்னா தம்பி இந்தப் பக்கம்? சர்வீஸுக்குப் போவலியா?"

"போறேன் டீச்சர்."

திரும்பிப் பார்க்காமல் போனார். வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தாரா, பார்க்கத் தோன்றவில்லையா என்று அவருக்கே தெரியாது.

ஈஸ்டர் மதியம் கேத்தரின் கூண்டுக்குப் பக்கத்தில் மண்டி போட்டாள். கம்பிக்குள் விரலை விட்டு ஓர் இலையைத் தடவினாள். "அம்மா வளந்துட்டாங்கப்பா" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பின்னால் சங்கத்தார் வரிசையாக நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கேத்தரின் ஓர் இலையைக் கிள்ளிப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். பஸ் ஏறும்போது, "நீங்க நல்லா பாத்துக்கறீங்கப்பா" என்றாள். இன்பராஜ் தலையை ஆட்டினார்.

மூன்றாவது கன்று மே மாதத்தைத் தாண்டவில்லை.

கடைசி ஞாயிறு. நல்ல வெயில். டேங்கர் வந்து நின்றிருந்தது. நயீம் அகமது தானே ஹோஸைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்பராஜ் கூண்டுக்குள் கையை விட்டு ஒரு கிளையை வளைத்தார். குச்சி மாதிரி ஒடிந்தது. இன்னொன்று. அதுவும் ஒடிந்தது.

டீச்சர் ஓடிவந்தார். "வுடு வுடு, தொடாதே. தண்ணி கம்மியாயிருக்கும். இன்னிக்கு ரெண்டு கொடம் சேத்து ஊத்தினா துளிர்த்துடும். பாய், இங்க கொஞ்சம் ஹோஸ திருப்புங்க."

"செத்துப்போச்சு டீச்சர்" என்றார் இன்பராஜ்.

அந்த இரண்டு வருஷத்தில் அவர் முன்னால் யாரும் சொல்லாத சொல் அது. நித்திரையடைந்தாள் என்றார்கள், தவறிட்டாங்க என்றார்கள், கர்த்தர்கிட்ட இருக்கா என்றார்கள். அவரும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது, கம்பெனியில் தேறாத ஒரு ஜோடியைத் தனியே எடுத்து வைக்கும்போது சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார்.

"அப்படிச் சொல்லாதே."

"மொதல்ல வெச்சது செத்துச்சு. ரெண்டாவது செத்துச்சு. இது மூணாவது. அப்பவே தெரியும் டீச்சர்."

நயீம் அகமது ஹோஸைக் கீழே போட்டார். தண்ணீர் அதுபாட்டுக்கு மண்ணில் ஓடியது. டீச்சரின் முகம் வெளிறி, பிறகு சிவந்தது.

"தெரிஞ்சுக்கினே சும்மா இருந்தியா? நான் விரிஞ்சிபுரம் வரைக்கும் போய்த் தேடி எடுத்துட்டு வந்தேன். உனக்காவ. நீ தாங்க மாட்டேன்னு. நீ இன்னாடான்னா கல்லு மாதிரி நிக்கிறே. நெஞ்சுன்னு ஒண்ணு இருக்காடா உனக்கு?"

இன்பராஜ் யோசித்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் யோசித்தார்.

"தெரியல டீச்சர்."

டீச்சர் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "என் ஜெஸி" என்றார். அப்புறம் வாய்விட்டு அழுதார். அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி, ஊரில் பாதிப் பேரை அதட்டி வளர்த்தவர், கால் நீட்டிப் போட்டுக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஜெஸி போன அன்று அவர்தான் ஆம்புலன்ஸுக்கு ஓடினார். சவப்பெட்டிக்குச் சொன்னதும், பந்தலுக்குச் சொன்னதும், வந்தவர்களுக்குக் காபி போட்டதும் அவர்தான். அப்புறம் கன்று, கன்றுக்குப் பின் இன்னொரு கன்று. அவருக்கு அழ நேரமே இருந்ததில்லை என்பது இன்பராஜுக்கு அப்போதுதான் பட்டது.

என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். வேட்டி நனைந்தது. டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அழுது ஓயும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு இன்பராஜ் மண்வெட்டியை எடுத்துக் கன்றைத் தோண்டினார். வேர் கறுத்திருந்தது. குழியின் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"இந்த உப்புக்குப் புங்கம் வெச்சா தாங்கும்" என்றார் கோவிந்தசாமி மெதுவாக. அதுவும் எல்லாருக்கும் முதலிலிருந்தே தெரிந்ததுதான். சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

"அவளுக்கு மகிழம்தானே பிடிக்கும்" என்றார் டீச்சர், மூக்கைச் சிந்திக்கொண்டு.

"மழை வரட்டும் டீச்சர். புங்கமே வெப்போம்" என்றார் இன்பராஜ்.

ஜூலையில் இரண்டு நல்ல மழை பெய்தது. புங்கங்கன்றை வைத்தார்கள். ஜெபம், பாட்டு ஒன்றும் இல்லை. மண்ணை மிதித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அன்று சாயங்காலம் இன்பராஜ் பஸ் ஸ்டாண்ட் எஸ்.டி.டி பூத்திலிருந்து கேத்தரின் ஹாஸ்டலுக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார். சுற்றி வளைக்க அவருக்குத் தெரியவில்லை.

"நான் ஈஸ்டருக்குப் பாத்தது?"

"அது மூணாவது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்பா சொல்லல?"

"சொல்லணும்னு தோணலம்மா. எதுவும் தோணல. அம்மா போனதுலேர்ந்து அப்படித்தான் இருக்கு."

மறுமுனையில் அவள் அழுவது கேட்டது. வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தர் கண்ணாடியைத் தட்டினார். இன்பராஜ் பொறுங்கள் என்று கையைக் காட்டினார்.

"வெச்சுடாதீங்கப்பா" என்றாள் கேத்தரின்.

"வெக்கல."

ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அழுது முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.