பின் சீட்டில் மட்டும் கேட்ட சத்தம்

அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. டிக், டிக், டிக் என்று இடது காலுக்குக் கீழே எங்கிருந்தோ வரும். வண்டி வேகம் எடுத்தால் அதுவும் வேகம் எடுக்கும். முன்னால் ஹெல்மெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு ராஜா மாதிரி சாய்ந்து ஓட்டும் கணவருக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமும் மனிதருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கணவர் மருந்துக் கடை வைத்திருப்பவர். இருமல் மருந்துக்கும் தலைவலி மாத்திரைக்கும் நடுவே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு பெரிய க்ரூசர் பைக் ஒன்றை வாங்கினார். உறவுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவள் பேசவில்லை. தன் அண்ணன் இறந்ததிலிருந்து தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டுவிட்டு எழுந்து போன மனிதர், வண்டி வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவள் எந்த வண்டியிலும் ஏறத் தயார்.

அடுத்து அலங்காரப் பைத்தியம் பிடித்தது. விண்ட்ஷீல்டு, முன்பக்க கார்டு, அவள் சாய்ந்துகொள்ள பேக்ரெஸ்ட், இரண்டு பக்கமும் தொங்கும் தோல் பைகள் என்று ஒரே மூச்சில் எல்லாம் மாட்டியாகிவிட்டது. பைகளோடு ஒரு வளைந்த தடுப்புக் கம்பியையும் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இருக்கிறது, வண்டியின் அழகே போய்விடும் என்று கணவர் அதை ஒதுக்கிவிட்டார்.

சத்தம் வந்ததும் மெக்கானிக் செயினை இறுக்கினார், எண்ணெய் விட்டார், சைலன்சர் போல்ட்டைத் திருகினார், புதிதாக மாட்டிய ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தார். தனியாக ஏறி ஒரு சுற்றுப் போய் வந்து, ஒன்றுமே இல்லை என்று கையை விரித்தார். கணவரும் தனியாகப் போய் வந்து அதையே சொன்னார். அவள் ஏறினால் மறுபடியும் டிக், டிக்.

மூன்றாவது முறை அவள் சொன்னபோது கணவர் வண்டியை ஓரங்கட்டினார். கோபமே இல்லாமல் பேசினார். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

"சத்தம் வண்டியில இல்ல, உன் பயத்துல இருக்கு. இன்னொரு தடவ சொன்னா வண்டிய வித்துடறேன். நீயாவது நிம்மதியா இரு."

சொன்னால் செய்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதை ஏறி மகள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. சத்தம் என்று வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்பு போய்விடும். திறக்காவிட்டால், அந்த மலை வளைவுகளில்... அதற்குமேல் நினைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. துணிகளை மடிப்பதும் பிரித்து மறுபடி மடிப்பதுமாக இருந்தாள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் பெட்ரோல் போடப் போகும்போது ஒரு லாரி உரசுவது போலக் கடந்தது. அவளுக்கு உயிர் போய் வந்தது, சத்தமும் வந்தது. லாரி போனதும் பெருமூச்சு விட்டாள். சத்தம் நின்றது. அவளுக்குச் சட்டென்று ஏதோ தோன்றியது. கால்களை இறுக்கினாள், வந்தது. தளர்த்தினாள், போயே போய்விட்டது.

முதலில் வெட்கம்தான் வந்தது. அப்படியானால் அவர் சொன்னது சரி; பயந்தால்தான் சத்தம் வருகிறது. நாளைக்கு மலை ஏறி முடிக்கும்வரை காலைத் தளர்த்தி வைத்துக்கொண்டால் தீர்ந்தது, வண்டியும் தப்பும், சிரிப்பும் தப்பும். பெட்ரோல் பங்க் வரும்வரை அவள் அப்படித்தான் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் பயம் காலை இறுக்குகிறது, சரி. கால் எதை இறுக்குகிறது?

"மெக்கானிக் கடைக்கு விடுங்க," என்றாள். கணவரின் முகம் தொங்கிப்போனது.

பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றச் சொன்னாள். பின் சீட்டில் கணவரை உட்காரச் சொன்னாள். அந்த இடத்தில் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. மெக்கானிக் சக்கரத்தைக் கையால் சுற்றினார். சத்தமில்லை. இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"இப்ப என்னை மாதிரி பயப்படுங்க," என்றாள். "லாரி உரசிக்கிட்டுப் போகுது. காலை இறுக்குங்க."

அவர் சிரித்துக்கொண்டே இறுக்கினார். டிக், டிக், டிக். சிரிப்பு பாதியில் நின்றது.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். கால் அழுத்தியதில் இடதுபக்கப் பை சக்கரத்தோடு ஒட்டியிருந்தது. பையின் உட்புறம் தொங்கிய வார் சக்கரக் கம்பிகளில் அடிபட்டு அடிபட்டு நார்நாராகக் கிழிந்திருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"தனியா ஓட்டுனா இது உள்ள வராதுக்கா. நாளைக்கு பை நிறைய சாமான் ஏத்தியிருந்தா கால் அழுத்தவே வேண்டாம். சக்கரம் வாரை இழுத்திருந்துச்சுன்னா..."



கணவர் இறங்கினார். நடந்தே போய், பையைச் சக்கரத்தில் படாமல் தள்ளி நிறுத்தும் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியை வாங்கி வந்தார். அதை மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"வண்டிய வித்துடவா?"

இந்த முறை மிரட்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"வேண்டாம்," என்றாள். "பயம் போகல. ஆனா வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையின் முதல் வளைவுக்கு முன்னால் அவராகவே வண்டியை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ஏதாவது கேக்குதா?"

"இல்லைங்க."

"நல்லா பயந்து பாத்துச் சொல்லு."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் கால்களை இறுக்கிக்கொண்டாள். ஹெல்மெட்டைக் கையில் மாட்டியபடி, காதைத் தீட்டிக்கொண்டு, அவர் வண்டியை மெல்ல நகர்த்தினார்.