ஏழாவது புடவை

முப்பத்தொரு வருடமாகத் தேரடித் தெருவில் முகூர்த்தப் பட்டு விற்கிறேன். என் மகள் நந்தினியின் முகூர்த்தப் பட்டை வேங்கிக்காலில் புதிதாக வந்திருக்கும் நாலு மாடிக் கடையில் எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதுதான் வழக்கம். எங்கே எடுப்பது என்பதும் அவர்கள் இஷ்டம். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை.

சம்பந்தியம்மா அருணாதேவி கீழ்பென்னாத்தூரிலிருந்து போன் செய்தார். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தெருவுல காரை எங்க நிறுத்தறது? அங்கன்னா ஏசி, லிப்டு, கொழந்தைங்களுக்கு ஐஸ்கிரீம் எல்லாம் இருக்குது."

"அதனால என்னங்க," என்றேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. இரண்டு வருடமாக என் வாடிக்கைக்காரர்கள் சொல்வதும் அதுதான். சொல்லாமல் போனவர்கள் ஜாஸ்தி.

ஆனால் என் அலமாரியில் ஒரு புடவை இருந்தது. ஆரணியில் சொல்லி நெய்தது, அரக்கு நிறம், மாங்காய்க் கரை. நந்தினிக்கென்று மூன்று வருடமாக யாருக்கும் விரிக்காமல் வைத்திருந்தேன். அதைக் கட்டிக்கொண்டு அவள் மணையில் உட்கார வேண்டும். எனக்கு வேறு ஆசை மிச்சமில்லை.

அந்தப் புதுக் கடையின் இரண்டாவது மாடியில் ராமதாஸ் வேலை பார்க்கிறான். பதினாலு வருடம் என்னிடம் இருந்தவன். போன ஆடியில், சம்பளம் கொடுக்க முடியாமல், நான்தான் போகச் சொன்னேன். அவனைக் கூப்பிட்டு, என் புடவையையும் நடுவில் சேர்த்து விரித்துக் காட்டச் சொன்னேன்.

"அதுக்கு இங்க பில் போட முடியாதே, மொதலாளி."

"அவங்களுக்குப் புடிச்சுட்டா நானே உண்மையைச் சொல்லிடறேன். புடிச்சதுக்கு அப்பறம் யாரு வேணாம்பாங்க?"

"ஏழாவதா காட்டறேன்," என்றான். நான் கற்றுக் கொடுத்ததுதான். முதல் ஆறில் கண் அலையும், ஏழாவதில் நிற்கும்.

அங்கே பைகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் புடவையை என் மனைவி ரேணுகாம்பாளின் கைப்பையில் திணித்தேன். "கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போறீங்களா?" என்றாள். ஆனாலும் ஜிப்பை அவளே இழுத்து மூடினாள்.

நாங்கள் இருவரும் மற்றவர்களுக்கு முன்னால் மாடி ஏறினோம். ராமதாஸ் நீலச் சட்டையில், கழுத்தில் அட்டை தொங்க நின்றான். புடவையை வாங்கி மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டான். நந்தினியும் மாப்பிள்ளை வீட்டாரும் வந்ததும், "வாங்க சார்," என்றான். என்னை அவன் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஆறு புடவை விரித்தான். ஏழாவதாக என்னுடையது. முந்தானையைக் காட்டாமல் முதலில் கரையைக் காட்டினான். சரியாகத்தான் செய்தான்.

அருணாதேவி விரலால் தடவிப் பார்த்தார். "கனமா இருக்குது. கலரும் நல்லாதான் இருக்குது. நீ சொல்லு நந்தினி."

நந்தினி புடவையைப் பார்த்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு அதை ஓரமாகத் தள்ளினாள்.

"இது வேணாம் அத்த. அந்த ரோஸ் நல்லா இருக்குது."

ரோஸ் புடவைக்குப் பில் போட்டார்கள். "பளிச்சுன்னு இருக்குதுங்க," என்று நானும் சொன்னேன், வியாபாரப் பழக்கம். ராமதாஸ் என் புடவையை மடிப்பு மாறாமல் மடித்து ரேணுகாம்பாளின் பையில் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் நந்தினி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்டோ கலெக்டர் ஆபீஸைத் தாண்டியது.

"நம்ம புடவைன்னு தெரிஞ்சுதுப்பா," என்றாள். "அலமாரியில எப்பவோ பாத்துட்டேன்."

முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பேர் புடவையைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். ஏன் என்று ஒருவரையும் நான் கேட்டதில்லை. கடைக்காரன் கேட்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். அன்றைக்குக் கேட்டேன்.

"எனக்கு அது புடிக்கலப்பா," என்றாள். "அப்பவே புடிக்கல."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையின் பிடி தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் கடையைத் திறந்து அந்தப் புடவையை முன்பக்கக் கண்ணாடியில் மாட்டினேன். மற்றவற்றுக்குக் குத்தியிருந்ததைப் போல அதற்கும் ஒரு தள்ளுபடிச் சீட்டைக் குத்தினேன்.