வாசிப்பறைக் கதவு

அன்னிக்குக் காலையில என் நாத்தனார் மாடிக்குப் போனவ அங்கேயே தரையில உக்காந்துட்டா. "அண்ணி, ஒரு புக்கு கூட இல்ல அண்ணி"ன்னு அங்கேர்ந்தே கத்தினா. நான் கீழ நின்னுக்கிட்டு, "நல்லதுதானே!"ன்னு பதிலுக்குக் கத்தினேன். ஒரு மாசமா நாங்க நாயா அலைஞ்சதே அதுக்குத்தானே.

அவதான் எங்க ஊர் நூலகர். நான் எதிர்த்தாப்புல தையல் கடை வெச்சிருக்கேன். நூலகம் ரொம்பப் பழைய கட்டடம். உசரமான கூரை, மாடியில மரத்தரை, படிக்கட்டு மேல ஒரு வட்ட ஜன்னல். வேலையில கண்ணு வலிச்சா நிமிர்ந்து அந்த ஜன்னலத்தான் பாப்பேன். அதை இடிச்சுட்டு புக்க எல்லாம் குடோனுல போடப் போறாங்கன்னு சேதி வந்தப்போ நாத்தனாருக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. நகராட்சி சொன்ன காரணம் ரெண்டு. யாரும் புக்கு எடுக்கறதில்ல. அப்புறம், சுவர் இறங்குது. எப்படித் தெரியும்னா, கீழ வாசிப்பறைக் கதவு திறக்க மாட்டேங்குதாம்.

அந்தக் கதவு பல வருஷமாவே அப்படித்தான். மேல சட்டத்துல போய் முட்டும். இடுப்பால ஒரு இடி இடிச்சாத்தான் வழி விடும். எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு. பாக்க வந்த இன்ஜினியருக்குப் பழக்கமில்ல. தள்ளிப் பாத்தாரு, மூச்சு வாங்கினாரு, 'இந்தக் கதவைத் திறக்கக் கூடாது'ன்னு ஒரு தாளை ஒட்டிட்டுப் போயிட்டாரு. அதுலேர்ந்து எல்லாரும் பின்பக்கமாச் சுத்தித்தான் போனோம்.

நாங்க கையெழுத்து வாங்கி மனு குடுத்ததுல, மறுபடி ஒரு தடவை வந்து பாக்கறேன்னு ஒத்துக்கிட்டாரு. சுவரை நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது, புக்கு எடுக்கறது நம்ம கையிலதானேன்னு எங்க வாசகர் குழுத் தலைவர் ஒரு யோசனை சொன்னாரு. பேங்க்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். எதுக்கெடுத்தாலும் கூட்டம் போடுவாரு, அதனால தலைவர்னே பேராயிடுச்சு. "ஆளாளுக்கு அள்ளிக்கிட்டுப் போங்க. யாரும் எடுக்கறதில்லன்னு எவன் சொல்றான்னு பாத்துடலாம்."

அள்ளினோம். முடிதிருத்தறவரு பிரசவம் பத்தின புக்கு ஒரு பை நிறைய கொண்டு போனாரு. எங்க வீட்டுக்காரரு தேனீ வளர்ப்பு பத்தி நாலு தடிப் புத்தகம் தூக்கிட்டு வந்தாரு. "தேனீயப் பாத்தா கட்டிலுக்கு அடியில ஒளியற ஆளு"ன்னு அவர் தங்கச்சியே சிரிச்சா. "உன் நூலகத்துக்காகத்தான்டி கொட்டு வாங்கறேன்"னாரு அவரு.

அன்னிக்குக் காலையில நாங்களும் மாடியேறி காலியான அலமாரிய நேர்ல பாத்தப்பத்தான் எங்களுக்கு உறைச்சுது. புக்கே இல்லாத இடத்துக்கு எதுக்கு நூலகம்? இடிக்கறவனுக்கு நாங்களே சாமானை ஒழிச்சுக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. "தலைவரே, நல்ல வேலை பண்ணினீங்க"ன்னு நாத்தனார் அழுகையும் கோவமுமாச் சொன்னா. தலைவர் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு, மாட்டினாரு, மறுபடி கழட்டித் தொடைச்சாரு. ஓடிப்போய் புக்க வாங்கிட்டு வரலாம்னு கிளம்பறதுக்குள்ள இன்ஜினியர் வண்டி வாசல்ல நிக்குது.

மனுஷன் நேரா கதவுகிட்ட போனாரு. "மனு குடுத்தா மட்டும் போதாது. நீங்களே பாருங்க, எப்படி இறுகியிருக்கு"ன்னு சொல்லி, ரெண்டு அடி பின்னால வந்து, தோளால ஓங்கி ஒரு இடி.

கதவு பட்டுனு திறந்துக்கிச்சு. அவர் அதே வேகத்துல உள்ள பறந்து போய் பேப்பர் மேசை மேல குப்புற விழுந்தாரு.

நாத்தனாருக்குப் பழக்கதோஷம். "சார், உள்ள சத்தம் போடக் கூடாது"ன்னுட்டா.

அடி ஒண்ணும் படல. எழுந்து சட்டையத் தட்டிக்கிட்டு, கதவை மூடினாரு, திறந்தாரு. மூடினாரு, திறந்தாரு. அப்புறம் அண்ணாந்து கூரையப் பாத்தாரு.

"இதுக்கு நேர் மேல என்ன இருந்துச்சு?"

"புக்கு சார்."

"இப்ப எங்க?"

"எங்க வீட்ல"ன்னு நாங்க எல்லாரும் ஒண்ணாச் சொன்னோம்.

மாடிக்குப் போய் அலமாரிங்களப் பாத்தாரு. எல்லாம் தரைக்கு நடுவுல நெருக்கிக்கிட்டு நின்னுச்சு. "இப்படி நடுவுல வெச்சது யாரு?" தலைவர் தொண்டையச் செருமினாரு. "ஒரு தடவை வெள்ளையடிக்கறப்போ இழுத்தோம் சார். திரும்பத் தள்ளி வைக்கணும்னு கூட்டத்துல பேசிக்கிட்டேதான் இருக்கோம்."

இன்ஜினியர் சிரிச்சுட்டாரு. "சுவர் இறங்கல. அத்தனை கனமும் ஒரே உத்தரத்து மேல. அது தொங்கி கதவை அமுக்கியிருக்கு. நான்தான் சரியாப் பாக்காம எழுதிட்டேன்." அடுத்த நிமிஷமே முகத்தை இறுக்கிக்கிட்டாரு. "அலமாரிய சுவரோரமா வெச்சு, எல்லாப் புக்கையும் கொண்டாந்து அடுக்குங்க. அப்பவும் கதவு இப்படியே திறந்தா, எழுதினதை நானே மாத்தறேன். மறுபடி முட்டினா என்கிட்ட வராதீங்க."

சாயங்காலத்துக்குள்ள தெருவே பையும் கூடையுமா வந்துடுச்சு. குழந்தை வண்டியில குழந்தைக்குப் பதிலா அகராதி உக்காந்து வந்துச்சு, குழந்தை அப்பா தோள்ல. நான் கடைய மூடிட்டு கதவுகிட்ட நின்னேன், அதான் எனக்குக் குடுத்த வேலை. மேல ஒரு அலமாரி நிரம்பினா நாத்தனார் "அண்ணி!"ம்பா. நான் கதவை ஒரு தடவை ஆட்டிப் பாத்து "போகுது!"ம்பேன். கூரை லேசா முனகும், எல்லாரும் மூச்சைப் பிடிச்சுப்பாங்க. இன்ஜினியர் வீட்டுக்குப் போகாம, பேப்பர் மேசையில டீயோட உக்காந்து கதவோட மேல்சட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

கடைசி அலமாரியில கொஞ்சம் இடம்தான் மிச்சம். எங்க வீட்டுக்காரரு அப்பத்தான் தேனீப் புத்தகம் நாலையும் தூக்கிக்கிட்டு வந்தாரு. "சீக்கிரம் வாண்ணா"ன்னு மேலேர்ந்து குரல். அவரு ஒவ்வொரு படியா, கால் நோகாம ஏறினாரு. ஒண்ணு வெச்ச சத்தம் கேட்டுச்சு. ரெண்டு. மூணு. இன்ஜினியர் டீயக் கீழ வெச்சுட்டு என் பக்கத்துல வந்து நின்னாரு. நாலாவது சத்தமும் கேட்டுச்சு.

"அண்ணி!"

நான் ஒரு விரலை மட்டும் கதவு மேல வெச்சேன். அது எங்கேயும் முட்டாம உள்ள போச்சு.