கிரேன்காரி கேட்ட தேதி

எடை பார்க்கும் மேடைமீது அவள் பூட்ஸோடு ஏறினாள். முனையில் இரும்பு பதித்த பூட்ஸ். தோளிலும் இடுப்பிலும், உயரத்தில் வேலை செய்வோர் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டை. அதில் தொங்கிய கொக்கிகளோ ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குக் குறையாதவை. முள் ஐம்பத்தொன்பதைத் தொட்டது.

"எழுதிக்குங்க சார்," என்றாள்.

உணவியல் நிபுணர் பேனாவைத் திறக்கவே இல்லை. "எல்லாத்தையும் கழட்டிட்டு ஏறுங்கம்மா."

"வேலையிலேர்ந்து நேரா வரேன்."

"நீங்க வேலைக்குப் போயி ஒரு மாசமாச்சுன்னு உங்க அக்கா இப்பத்தான் சொல்லிட்டுப் போனாங்க."

அக்காவை மனத்துக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொண்டே கழற்றினாள். முள் ஐம்பத்து மூன்றுக்கு இறங்கி நின்றது. நான்கு மாதங்களுக்கு முன் அவள் அறுபத்திரண்டு கிலோ. உடம்பில் ஏழில் ஒரு பங்கு சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது.

இதற்குப் பாதிக் காரணம் நோய். மீதிக் காரணம் அவளேதான். இருபத்தாறு ஆண்டுகள் கட்டுமானக் கிரேனின் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து இரும்பையும் கான்கிரீட்டையும் தூக்கியவள். கழிப்பறைக்கு ஒருமுறை இறங்கி ஏறினால் முக்கால் மணி நேரம் போய்விடும்; கீழே மேஸ்திரி வானத்தைப் பார்த்துக் கத்துவான். ஆகவே காலையில் வாயைக் கட்டினால் மாலைவரை வயிறு தொந்தரவு செய்யாது என்று பழகியிருந்தாள். சிறுநீர்ப்பையில் கட்டி வந்து, அரை மணிக்கொரு தடவை ஓடவேண்டி வந்தபோதும், தெரிந்த வைத்தியத்தையே செய்தாள்: குடிப்பதைக் குறைத்தாள், உண்பதைக் குறைத்தாள். ஓட்டம் குறையவில்லை; உடம்புதான் குறைந்தது.

"ஆபரேஷன் திங்கக்கிழமை. அதை மாத்தாதீங்க," என்றாள்.

"அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"சுவர் இருந்தாத்தான் சித்திரம்னு மட்டும் சொல்லாதீங்க. இந்த ஆஸ்பத்திரியில இதுவரைக்கும் மூணு பேரு சொல்லிட்டாங்க."

நான்காவதாகச் சொல்லவிருந்தவர் எழுந்து, அவளுக்கு அறுவை சிகிச்சை செய்யவிருந்த டாக்டரம்மாவிடம் அழைத்துச் சென்றார்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "கட்டி தசைக்குள்ள இறங்கிடுச்சு. பையை எடுக்கணும். குடல்ல ஒரு துண்டை வெட்டி, மூத்திரம் வெளிய போக வேற வழி பண்ணணும். பெரிய வேலை. இந்த உடம்புல பண்ணினா காயம் ஆறாம பிரியலாம், குடல் தையல் கசியலாம், கிருமி ஏறலாம். கட்டியை ஜெயிச்சுட்டு உங்களைத் தோத்துடுவேன்."

"நான் தின்னு முடிக்கிற வரைக்கும் அது கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்குமா?"

"மூணு வாரம்னா எனக்குப் பயமில்லை. மூணு மாசம்னா பயப்படுவேன்."

"அப்ப தேதியைக் குடுங்க."

"உடம்பு தேறட்டும், அப்புறம் பாக்கலாம்."

"'அப்புறம் பாக்கலாம்'ங்கிறது தேதி இல்லை டாக்டர். தேதின்னா நம்பர் இருக்கும்."

வெளியே வரிசை நீண்டிருந்தது. அவள் நாற்காலியில் இருந்து எழவில்லை. நர்ஸ் இருமுறை எட்டிப் பார்த்தாள், அப்போதும் எழவில்லை. டாக்டரம்மா கடைசியில் நாட்காட்டியைத் திருப்பி, மூன்று வாரம் தள்ளிவரும் திங்கட்கிழமையைச் சுழித்தார். "ரெண்டு கிலோ ஏறணும்."

"ஏறும்."

மறுநாளே வீட்டில் போர் மூண்டது. கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியையும் முக்காலியையும் போட்டு, அதையே சாப்பாட்டு மேசை ஆக்கிக்கொண்டாள். ஒரு நாளைக்கு ஆறு வேளை: முட்டை, மீன், பருப்பு, டப்பாவில் வந்த சத்துமாவைக் கரைத்த பால். இடையிடையே எழுந்து ஓடினாள். திரும்பி வந்து, விட்ட கவளத்திலிருந்து தொடர்ந்தாள். தண்ணீரையும் விடவில்லை. மாலையில் மாடிப்படி ஏறி இறங்கினாள்.

அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. "இப்படிக் கொட்டிக்கிட்டா அந்தக் கட்டியும் சேந்து வளரும்டி. என் நாத்தனாரோட சம்பந்தி அதைப் பட்டினி போட்டே ஒடுக்கினாரு."

"அவரு இப்ப எப்படி இருக்காரு?"

அக்கா முந்தானையைச் சரிசெய்தாள். "போயிட்டாரு. அது வேற விஷயம்."

"போய்ச் சேந்த ஆளோட வைத்தியத்தை எனக்குச் சொல்ல வந்துட்டே. அந்த மீனை இப்படித் தள்ளு."

ஒன்பதாம் நாள் தின்றதெல்லாம் வெளியே வந்தது. வாயைக் கொப்பளித்தாள், சுவரில் சாய்ந்து கால் மணி நேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு இன்னொரு முட்டையை உரித்தாள். அன்று அக்காவே உப்பை எடுத்து வைத்தாள்.

சுழித்த திங்கட்கிழமைக்கு முந்தைய நாள் அவளை மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டு எடை பார்த்தார்கள். ஐம்பத்து நான்கு கிலோ அறுநூறு கிராம். கேட்டதற்கு நானூறு கிராம் குறைவு. டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்தார். "இன்னொரு வாரம் தள்ளினா..."

கிரேன்காரி வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து உணவியல் நிபுணர் பேசினார். "தள்ள வேணாம் டாக்டர். ரத்தத்துல புரதம் ஏறியிருக்கு. கைப்பிடி பலமாயிருக்கு. மூணு மாடி நிக்காம ஏறுறாங்க. நானூறு கிராமுக்காகக் கட்டிக்கு ஒரு வாரம் குடுக்கிறதுல எனக்குச் சம்மதமில்லை. நான் கையெழுத்துப் போடுறேன்."

அவள் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பூட்ஸைக் கழற்றச் சொன்ன அதே மனிதர்.

டாக்டரம்மா ஒப்புதல் படிவத்தை நகர்த்தினார். "இதுக்கப்புறமும் சிக்கல் வராதுன்னு நான் சொல்லலை. நல்லா இருக்கிறவங்களுக்கே, நூத்துக்கு முப்பது நாப்பது பேருக்கு ஏதாவது ஒண்ணு வருது. புரியுதா?"

"வரட்டும் டாக்டர். அதுக்கும் சேத்துத்தான் தின்னுட்டு வந்திருக்கேன்."

கையெழுத்து, தாளின் கோட்டைத் தாண்டிப் போனது.

வார்டில், சாப்பாட்டுப் பையோடு அக்கா பக்கத்தில் நிற்க, நர்ஸ் அட்டையைக் கட்டிலில் மாட்டினாள். "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாதும்மா."

"இப்ப மணி என்ன?"

"நாலு."

"எட்டு மணி நேரம் கிடக்கு," என்றாள் கிரேன்காரி. "அக்கா, அந்தப் பையைப் பிரி."