பன்றிக்கொழுப்புச் சோப்பு

கடையில் சோப்பைக் கண்ணால் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சோப்பு மட்டுமா? காப்பித்தூள் இல்லை, வினிகர் இல்லை, துணி வெளுக்கும் பொடி இல்லை. ஊர் உலகமெல்லாம் சேர்ந்து பொருளாதாரத் தடை போட்டு செர்பியாவுக்குக் கதவைச் சாத்திவிட்டதில் கடைக்காரன் வெறும் பலகையைத் தூசி தட்டிக்கொண்டிருந்தான். மொராவா ஆற்றங்கரைப் பெண்கள் இதற்கெல்லாம் அசருகிற ஆட்களா? பார்லியைக் கருக வறுத்துக் காப்பி போட்டார்கள். ஆப்பிள் தோலை ஊறப்போட்டு வினிகர் எடுத்தார்கள். பன்றி அறுத்த மறுவாரம் முற்றத்தில் கொப்பரை ஏற்றி, கழிவுக் கொழுப்பையும், பட்டால் தோலை அரித்துவிடும் காரத்தண்ணீரையும் சேர்த்துச் சோப்புக் காய்ச்சினார்கள்.

அன்று வுகோசாவா காய்ச்சிக்கொண்டிருந்தாள். துடுப்பை ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும், கை ஓயக்கூடாது. நடுவில் விட்டால் கொழுப்பு தனியாக, தண்ணீர் தனியாகத் திரிந்து போகும். கண் துடுப்பில் இருந்தாலும் அவள் உயிர் முழுக்க உள்ளே படுத்திருந்த மகள் மேல்தான் இருந்தது. மிலுங்கா புருஷனை விட்டு ஓடி வந்து ஆறு நாள் ஆயிற்று. இரண்டு விலா எலும்பு விரிசல், இடது காது கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் நான்காவது தடவை வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஊர் வாய்க்குப் பயந்து அம்மாவேதான் திருப்பி அனுப்பி வைத்தாள். இந்தத் தடவை தலையே போனாலும் அனுப்புவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள்.

பட்டப்பகலில் படலை உதைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான் ராதிசாவ், அந்த அருமை மருமகன். ஆள் முழுப் போதை.

"அத்தை, எங்க அவ?"

"அவ வரமாட்டா. வந்த வழியே போ."

"என் பொண்டாட்டிய ஒளிச்சு வெக்க நீ யாரு? கெழட்டுப் பொணமே!"

நேராக உள்ளே போனான். நாற்காலி உடையும் சத்தம் கேட்டது. "அம்மா!" என்று ஒரே ஒரு அலறல். வுகோசாவா அப்போதும் துடுப்பை விடவில்லை. அதை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். ஒரு வருஷத்துச் சோப்பு திரிந்துவிடுமே என்று அந்தப் பாழாய்ப்போன கை தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

மிலுங்காவை முடியைப் பிடித்துச் சேற்றில் இழுத்துக்கொண்டு வந்தான். விரிசல் விட்ட விலாவிலேயே பூட்ஸ் காலால் ஓர் உதை விட்டான். அவளுக்குக் கத்தக்கூட மூச்சு வரவில்லை.

அப்போதுதான் துடுப்பு கொப்பரையை விட்டு வெளியே வந்தது. கொதிக்கிற சோப்புக் குழம்போடு அதை அவன் முகத்தில் வீசினாள். மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் அவள் காதில் தெளிவாக விழுந்தது. கன்னத்துத் தோல் வெந்து உரிந்தது. "அடிப்பாவி!" என்று அலறிக்கொண்டே பாய்ந்து அவளைக் கீழே தள்ளினான். அவள் கையை மிதித்து, பூட்ஸ் குதிகாலால் நசுக்கித் திருகினான். இரண்டு விரல் முறிந்தது.

மூக்கிலும் வாயிலும் ரத்தம் கொட்ட, எச்சிலைத் துப்பிக்கொண்டு நிமிர்ந்தவன் கண்ணில் மிலுங்கா கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் முற்றத்து மேஜை மேல் இருந்த புட்டி பட்டது. ராக்கியா என்கிற பிளம் சாராயம் வாங்கிய பழைய புட்டி. இரண்டாம் முறை சோப்புக் காய்ச்சக் கரைத்து வைத்த காரத்தண்ணீர், தெள்ளத் தெளிவாகப் பாதி வரை நின்றது.

"குடிக்காத. அது காரத்தண்ணி," என்றாள் வுகோசாவா தரையில் கிடந்தபடியே.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் பக்கத்தில் எந்தப் பெண் ராக்கியாவை ராக்கியா என்று சொல்லியிருக்கிறாள்? குடிகாரப் புருஷன் கையில் சிக்காமலிருக்க எல்லாரும் புட்டி மேல் 'காரம்' என்று எழுதித்தான் ஒளித்து வைப்பார்கள். ஆண்கள் அத்தனை பேரும் அந்த எழுத்தைத் தேடிப் பிடித்தே குடித்தார்கள்.

"எங்கம்மா எலி மருந்துன்னே எழுதி வெப்பா. யார்கிட்ட காது குத்துற?"

மோந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மோந்து பார்க்க மூக்கு எங்கே இருந்தது? வுகோசாவா இன்னொரு தடவை வாய் திறக்கவில்லை. அவன் அண்ணாந்து மடமடவென்று மூன்று வாய் இறக்கினான்.

புட்டி கையிலிருந்து நழுவியது. கத்த வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. உதடு வெள்ளையாய் வெந்து, நாக்கு வீங்கி, நுரையும் ரத்தமுமாய் வழிந்தது. தொண்டையை நகத்தால் பிறாண்டிக்கொண்டு, சற்று முன் மனைவியை இழுத்து வந்த அதே சேற்றில் புரண்டான். பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டரை எடுத்து வந்து ஏற்றிப் போகும் வரை புரண்டுகொண்டே இருந்தான்.

செத்துத் தொலைவான் என்றுதான் வுகோசாவா நினைத்தாள். ஆமாம், மனதார நினைத்தாள். ஆனால் அவன் பிழைத்துக்கொண்டான். தொண்டை முழுக்க வெந்து ஒட்டிப்போனதால் ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு குழாய் வைத்தார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரரும் ஊர் வழக்கம் தெரிந்தவர்தான், புட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மகள் இனி என்னோடுதான் என்று வுகோசாவா நிம்மதியாக இருந்தாள். இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை நேரம், மிலுங்கா பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"அவர் வீட்டுக்கு. அவங்கம்மாவும் போய்ச் சேர்ந்துட்டா. குழாயில கஞ்சி ஊத்த ஆள் இல்ல."

"உன்னைக் கொல்லப் பாத்தவன்டி அவன்! பட்டினி கெடந்து சாகட்டும். நான் சொல்லியும் கேக்காமத்தானே குடிச்சான்? என் மேல என்ன தப்பு?"

"உன்னைச் சொல்லலம்மா. நீ ஒரு தடவையாவது சொன்ன." மிலுங்கா பையைத் தோளில் மாட்டினாள். "புட்டி என் கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு. தட்டி விட்டிருக்கலாம். நான் சும்மா பாத்துக்கிட்டே கெடந்தேன்."

வுகோசாவா முறிந்து கோணலாய்க் கூடிய விரல்களால் மகளின் கையைப் பிடித்தாள். போகாதேடி, போகாதேடி என்று கெஞ்சினாள். அந்த விரல்களுக்குப் பிடிக்கும் தெம்பில்லை. மிலுங்கா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு பேருந்தில் ஏறிப் போனாள்.