ரிக் வண்டிக்காரன் மெல்லப் பேசிய இடம்

நித்யஸ்ரீக்கு அப்பா என்பவர் கைப்பேசிக்குள் குடியிருக்கும் ஆள். உள்ளங்கை அளவுதான் இருப்பார். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து, "சாப்டியா சாமி? என்ன சாப்ட்ட?" என்பார். அவள் "தோச" என்பாள். "எனக்கு?" என்பார். அவள் ஒரு துண்டைப் பிய்த்து அவர் வாய் இருக்கும் இடத்தில் வைத்து அழுத்துவாள். அவள் அம்மா தனப்பிரியாவின் கைப்பேசி எந்நேரமும் எண்ணெய்ப் பிசுக்கோடு இருப்பதற்கு இதுதான் காரணம்.

அப்படிப்பட்ட அப்பாவை நம்பி வளர்ந்த பிள்ளை. அதன் முன்னால், ஆவணியில் ஒருநாள், வாசலை அடைத்துக்கொண்டு கறுத்த ஆள் ஒருவன் பையும் பெட்டியுமாக வந்து நின்று "நாந்தான் அப்பன்" என்றால் அது எப்படி நம்பும்? அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டது.

அப்படி வந்து நின்ற சபரிநாதன், ரிக் என்னும் போர்வெல் வண்டியில் டிரில்லர். மல்லசமுத்திரத்தில் வீடு, பிழைப்பு சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுவது. அங்கே மழை பிடித்தால் வண்டி ஊர் திரும்பும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கக் கிளம்பினால், மறுபடி மழைக்குத்தான் வரும். போன மழைக்கு நித்யஸ்ரீ கைக்குழந்தை, யார் தூக்கினாலும் சிரித்தாள். இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது, ஆள் பார்க்கிறாள். வருகிற புதன்கிழமை பூஜை. இதுவரை ஒரு தடவைகூட அவள் அவன் கைக்கு வரவில்லை. இப்படியே கிளம்பிப் போனால் அடுத்த முறை இவள் வீட்டுக்கு நான் விருந்தாளிதான் என்ற எண்ணம் அவனுக்குச் சோற்றை இறங்கவிடாமல் செய்தது.

அவனும் சும்மா இருக்கவில்லை. பொம்மை வாங்கினான், பலூன் ஊதினான். அவள் பொம்மையை வாங்கிக்கொண்டாள், பலூனை வாங்கிக்கொண்டாள், அவனை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒருநாள் அடுத்த அறைக்குப் போய் வீடியோ கால் போட்டான். அவள் திரையைப் பார்த்துக் குதித்தாள். இதுதான் சமயமென்று பேசிக்கொண்டே வெளியே வந்தான். கையில் ஒரு அப்பா, கதவருகே இன்னொரு பெரிய அப்பா. அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அவன் குரலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ரிக்கில் கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தத்தான் வேண்டும். கத்திக் கத்தி அதுவே பேச்சாகிவிடும், காதும் கொஞ்சம் மங்கிவிடும். திருச்செங்கோட்டுப் பக்கம் டீக்கடையில் நான்கு ரிக் வண்டிக்காரர்கள் மழையைப் பற்றிப் பேசினால், வெளியூர்க்காரன் அடிதடி என்று நினைத்து ஒதுங்கி நடப்பான். உள்ளூரில் இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. பாதி ஊர் அப்படித்தான் பேசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனப்பிரியா சொன்னாள்: "ஏனுங்க, சங்ககிரிப் பக்கம் ஒரு காலேஜ்ல அறிவியல் கூடம் தொறந்திருக்காங்களாம். எல்லாத்தையும் தொட்டுப் பாக்கலாமாம். பாப்பாவக் கூட்டீட்டுப் போலாமுங்க."

பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் அவளுக்காகத் துண்டை நான்காக மடித்துப் போட்டான். அவள் அம்மா மடியை விட்டு இறங்கவில்லை. துண்டு காற்றில் படபடத்துக்கொண்டே சங்ககிரி வரை வந்தது.

அந்தக் கூடம் உண்மையிலேயே அதிசயமாகத்தான் இருந்தது. தொடாதே, எடுக்காதே என்று நாளெல்லாம் கேட்ட பிள்ளைக்கு இங்கே தொடு என்று சொன்னால் எப்படி இருக்கும்! நித்யஸ்ரீ ஒரு கையில் முறுக்கும் மறு கையில் உலகமுமாக அலைந்தாள். உள்ளே தின்பண்டம் கூடாது என்று பலகை இருந்தது. அவளுக்கு இன்னும் எழுத்து தெரியாது.

ஓரிடத்தில் ஒரு குழாயிலிருந்து காற்று மேல்நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன்மேல் சிவப்புப் பந்து ஒன்று, கயிறும் இல்லாமல் கம்பியும் இல்லாமல், அந்தரத்தில் நின்றது. சபரிநாதன் அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டான். காற்றை அவனுக்குத் தெரியும். பாறையைப் பொடியாக்கி, எத்தனையோ நூறு அடி ஆழத்திலிருந்து ஆள் முகத்தில் வாரியடிக்கும் காற்றோடுதான் அவன் வாழ்க்கை. அதே காற்று ஒரு பந்தைப் பச்சைப்பிள்ளை போல ஏந்திக்கொண்டு நிற்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. விரலால் மெல்லத் தள்ளினான். பந்து விலகி, தள்ளாடி, திரும்பவும் தன் இடத்துக்கே வந்தது. மறுபடி தள்ளினான், மறுபடி வந்தது.

"ரெண்டு பேரு வாயும் ஒரே மாதிரி தொறந்திருக்குது" என்று தனப்பிரியா சிரித்தாள். திரும்பிப் பார்த்தான். அம்மாவின் இடுப்பில் இருந்த மகளும் வாயைப் பிளந்து பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா சாமி?" என்றான். அவள் முகத்தை அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டாள்.

கூடத்தின் கடைசியில், இந்தச் சுவரோரம் ஒன்றும் எதிர்ச்சுவரோரம் ஒன்றுமாக, ஆளைவிட உயரமான இரண்டு தட்டுகள் நின்றன. ராட்சத வாணலியைச் செங்குத்தாக நிறுத்தியது போல உட்குழிந்திருந்தன. கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு கல்லூரிப் பெண் விளக்கினாள். ஒருவர் இந்தத் தட்டைப் பார்த்துப் பேச, இன்னொருவர் அந்தத் தட்டருகே காது கொடுத்தால், நடுவில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் கேட்குமாம்.

தனப்பிரியா மகளோடு ஒரு தட்டின் முன் நின்றாள். சபரிநாதன் மறுகோடிக்குப் போய், அவர்களுக்கு முதுகு காட்டி நின்று, தட்டைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"சாமீ!"

கூடமே திரும்பிப் பார்த்தது. மறுகோடியில் நித்யஸ்ரீ வீறிட்டாள்.

அட்டைக்காரப் பெண் ஓடி வந்தாள். "கத்தக் கூடாதுங்க. மெதுவாப் பேசுங்க."

"மெதுவாத்தானுங்க பேசினேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதற்குள் தனப்பிரியா அழும் பிள்ளையோடு அருகில் வந்துவிட்டாள். "மெதுவான்னு நீங்க நெனச்சுக்கறீங்க" என்றாள். "போன்ல சத்தத்த ஒத்தக் கோட்டுல வெச்சுத்தான் நாங்க பேசறதே. இல்லீனா தெருவுக்கே கேக்கும். இவளுக்குத் தெரிஞ்ச அப்பன் மெதுவாப் பேசற ஆளுங்க."

 மகளைப் பயமுறுத்தியது தன் கறுப்போ, மீசையோ, பெரிய உடம்போ என்று சபரிநாதன் இத்தனை நாள் கண்ணாடி பார்த்திருந்தான். மீசையைக்கூடக் குறைத்தான். ஊரில் யாரும் சொல்லாத குறை, அவன் காதுக்கும் தெரியவில்லை.

"இன்னொருக்கா நில்லு அம்மிணி" என்றான்.

தனப்பிரியா பிள்ளையைத் தேற்றிக்கொண்டு பழைய தட்டுக்கே திரும்பிப் போனாள். அவன் குரலைத் தணித்து ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தான். அட்டைக்காரப் பெண் போதாது என்று தலையாட்டினாள். "இன்னும் கம்மிங்க."

"இதுக்கு மேல கம்மி பண்ணுனா எனக்கே கேக்காதுங்க."

"உங்களுக்குக் கேக்க வேண்டாங்க. அவங்களுக்குக் கேட்டாப் போதும்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பந்தைத் தாங்கிய காற்று நினைவுக்கு வந்தது. மூச்சுதான் விட்டான், அதில் வார்த்தையை வைத்தான். தான் பேசுகிறோமா என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

"சாப்டியா சாமி? என்ன சாப்ட்ட?"

ஒன்றும் வரவில்லை. பின்னால் பிள்ளைகளின் கும்மாளம் மங்கலாகக் கேட்டது. பிறகு, கம்ப்ரசர் அடித்து மங்கிய அவன் காதுக்குள், யாரோ தோளில் ஏறி உட்கார்ந்து சொன்னது போல, எச்சில் ஒழுகும் சின்னக் குரல் ஒன்று வந்தது.

"முக்கு."

முறுக்கு. சபரிநாதனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை பெரிய கூடத்தை, அத்தனை தலைகளைத் தாண்டி, அந்த ஒற்றைச் சொல் சிந்தாமல் சிதறாமல் அவனைத் தேடி வந்திருந்தது. பூமிக்கடியிலிருந்து முதல் தண்ணீர் வரும்போது அவனுக்கு இப்படி ஆவதுண்டு.

"எனக்கு?" என்றான், மூச்சில்.

பதில் இல்லை. "எனக்கு சாமி?" என்றான் மறுபடி. தட்டு வெறுமனே நின்றது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. போனைத் தேடியிருப்பாள், இல்லையென்றதும் வேறெங்காவது ஓடியிருப்பாள் என்று நினைத்தான். கண் கலங்கிவிட்டது. சரி, ஒரு வார்த்தையாவது கிடைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

முழங்காலில் ஏதோ இடித்தது.

குனிந்தான். நித்யஸ்ரீ நின்றிருந்தாள், தனியாக. அவன் பக்கம் கைகாட்டி அவளை இறக்கிவிட்ட தனப்பிரியா கூடத்தின் நடுவிலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிள்ளை அவன் வாயையே உற்றுப் பார்த்தாள், பந்தைப் பார்த்த அதே பார்வை. பாதி கடித்து ஊறிப்போன முறுக்கை எட்டின மட்டும் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அவன் மண்டியிட்டு வாயைத் திறந்தான். அவள் வைத்து, திரையில் அழுத்துவது போலவே, அழுத்தினாள். இந்த முறை அது உள்ளே போனது. அவள் திகைத்து, தன் காலி விரல்களைப் பார்த்தாள்.

"இன்னு வேணுமா?" என்றாள்.

ஊருக்கே கேட்கக் கத்த வேண்டும் போல வந்தது அவனுக்கு. அடக்கிக்கொண்டான். "வேணுஞ் சாமி" என்றான். அது அவன் காதுக்குக்கூட எட்டவில்லை. அவளுக்கு எட்டியது. அம்மாவிடம் திரும்பி, "அப்பாக்கு முக்கு" என்று கை நீட்டினாள்.